ஜூலியஸ் சீசர் நாடகத்துல சதியும் துரோகமும் புரியணும்னா எப்படி படிக்கணும்

ஷேக்ஸ்பியரோட இந்த நாடகத்தை முதல் தடவை படிக்கிறவங்க தயவுசெஞ்சு நேரா சீசரைக் கொல்ற சீனுக்கு ஓடாதீங்க. முதல்ல இரண்டாம் அங்கம் முதல் காட்சியை நிதானமா படிங்க, ராத்திரி தூக்கம் வராம சீசரோட நண்பன் புரூட்டஸ் தோட்டத்துல இருக்கான், தீக்கல்லு தேடப் போன வேலைக்காரப் பையன் ஜன்னல்ல கிடந்த ஒரு லெட்டரை கொண்டுவந்து குடுக்கிறான், சீசருக்கு எதிரா ரோம் மக்களே தன்னைக் கூப்பிடுறாங்கன்னு இவன் நம்பிடுறான், ஆனா அது சதியைத் தூண்டிவிடுற காசியஸ் போட வெச்ச பொய் லெட்டர். எனக்கு இந்த இடம்தான் கத்திக்குத்தை விட வலிக்கும், ஏன்னா துரோகம் பண்ணப் போறவனையே முதல்ல ஏமாத்திடுறாங்க.

அடுத்து பென்சில் எடுத்து புரூட்டஸ் காசியஸ் பேச்சைக் கேக்காத இடமெல்லாம் கோடு போடுங்க. சதிகாரங்க சத்தியம் பண்ண வேணாம்ங்கிறான், சீசருக்கு நெருக்கமான ஆண்டனியைக் கொல்ல வேணாம்ங்கிறான், கடைசில அந்த ஆண்டனியையே சீசரோட சாவுல பேசவும் விடுறான்.

கொலை சீன்ல சதிகாரங்கள்ல ஒருத்தனான காஸ்கா முதல்ல குத்துறான், புரூட்டஸைப் பார்த்ததும் சீசர் "நீயுமா புரூட்டஸ்"னு லத்தீன்ல கேக்குறான், அந்த வரியில கொஞ்சம் நிறுத்துங்க.

அப்புறம் ரெண்டு பேரோட மேடைப்பேச்சையும் வாய்விட்டு படிங்க. புரூட்டஸ் உரைநடையில பேசுவான், ஆண்டனி கவிதையில. புரூட்டஸ் கௌரவமானவன்னு ஆண்டனி திரும்பத் திரும்ப சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் குரலை மாத்திப் பாருங்க, அந்த வார்த்தை எப்ப வசவா மாறுதுன்னு உங்க காதுக்கே தெரிஞ்சிடும்.