‘டைம் அவுட்’: தாளம் நழுவாமல் கேட்க

டேவ் புரூபெக் குவார்டெட் என்ற ஜாஸ் நால்வர் குழுவின் ‘டைம் அவுட்’ (1959) ஆல்பத்தை ‘டேக் ஃபைவ்’ உருப்படியிலிருந்து தொடங்குங்கள். அதன் தாளம் ஐந்து, ஆனால் ஒன்று முதல் ஐந்து வரை எண்ண வேண்டாம். மூன்றும் இரண்டுமாக, ‘தகிட தக’ என்று வாய்க்குள் சொல்லுங்கள். ஜோ மொரெல்லோவின் டிரம் சோலோவில், அதாவது தனி வாசிப்பில்தான் பலருக்கும் கணக்கு போய்விடும், ஏனென்றால் அவர் அடிகள் அந்த எல்லைகளைத் தாண்டித் தாண்டி விழும். அந்த நேரத்தில் பின்னால் மாறாமல் ஓடும் பியானோவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதே ஆல்பத்தின் ‘புளூ ரோண்டோ அ லா டர்க்’ இன்னும் அழகு: ‘தக தக தக தகிட’ மூன்று முறை, நான்காவதில் மட்டும் ‘தகிட தகிட தகிட’. இரண்டுமே ஒன்பதுதான். பால் டெஸ்மண்டின் சாக்ஸபோன் நுழையும்போது ஒன்பதும் நாலும் மாறி மாறி வரும். பிறகு சோலோ முழுக்க நாலுதான். அங்கே ஒன்பதைத் தேடாதீர்கள்.