பெயர்ப்பலகையில் புனிதர், கால அட்டவணையில் கேஎஸ்எஸ்ஆர்: மிஷன் தொடக்கப்பள்ளியில் பிள்ளை என்ன படிக்கும்?

மலேசியாவில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், புலாவ் தீக்குஸ் என்று எங்கே போனாலும், லாசால் அல்லது கான்வெண்ட் என்று பெயர் தாங்கிய தொடக்கப்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் தமிழ்ப் பெற்றோருக்குப் பெரும்பாலும் இரண்டு நினைப்பு இருக்கும். அங்கே எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் என்பது ஒன்று. ஞானோபதேசம், அதாவது கத்தோலிக்கச் சமயப் போதனை, பாட நேரத்திலேயே கிடைத்துவிடும் என்பது இன்னொன்று. இரண்டுமே இன்றைய நிலவரம் இல்லை.

பினாங்கில் லைட் ஸ்ட்ரீட் கான்வெண்டும் செயின்ட் சேவியர்ஸும் 1852-இல் தொடங்கின. கோலாலம்பூரில் புக்கிட் நானாஸ் கான்வெண்ட் 1899-இலும் செயின்ட் ஜான்ஸ் 1904-இலும் வந்தன. பாட்டி படித்த காலத்தில் அவை ஆங்கிலப் பள்ளிகள்தாம். 1970-இல் முதலாம் ஆண்டு வகுப்பிலிருந்து போதனாமொழி படிப்படியாக மலாய்க்கு மாறியது. இன்று மிஷன் தொடக்கப்பள்ளிகளில் பெரும்பாலானவை அரசாங்க உதவி பெறும் தேசியப் பள்ளிகள். நிலமும் கட்டடமும் பொதுவாக மிஷனுடையவை. ஆசிரியரை அனுப்புவதும் சம்பளம் கொடுப்பதும் கல்வி அமைச்சு. பாடம் தொடக்கப்பள்ளிகளுக்கான தேசியத் திட்டமான கேஎஸ்எஸ்ஆர், அதாவது பக்கத்துத் தாமானில் உள்ள எஸ்கே எனும் சாதாரணத் தேசியப் பள்ளியில் இருக்கும் அதே கலைத்திட்டம், அதே பாடநூல். கத்தோலிக்கத் தன்மை பள்ளிப் பாட்டிலும், சின்னத்திலும், நிறுவனர் நாள் கொண்டாட்டத்திலும், ஒழுங்குமுறையிலும் தெரியும். பாட அட்டவணையில் தேடினால் கிடைக்காது.

ஆகவே தமிழும் சமயமும் உங்கள் பொறுப்பில் வந்து விழுகின்றன. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இந்த இரண்டுக்கும் ஏற்பாடு என்ன என்று யோசித்துவிடுங்கள்.

அட்டவணையைப் படிக்கும் விதம்

கேஎஸ்எஸ்ஆர் 2011-இல் முதலாம் ஆண்டில் தொடங்கி, 2017-இல் சீரமைக்கப்பட்டது. அதற்கு ஆறு தூண்கள்: தொடர்பாடல்; ஆன்மிகம், மனப்பான்மை, நற்பண்பு; மனிதவியல்; தன்னாளுமை; உடல் வளர்ச்சியும் அழகியலும்; அறிவியலும் தொழில்நுட்பமும். இந்தத் தூண்கள் பெற்றோருக்கு அவ்வளவாக உதவாது. உதவுவது, பள்ளி திறந்த முதல் வாரத்தில் வகுப்பாசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அந்த ஒரு பக்க அட்டவணை. அதில் ஒரு கட்டம் 30 நிமிடம். இரண்டு கட்டம் சேர்ந்திருந்தால் ஒரு மணி நேரம். கட்டங்களை எண்ணிப் பாருங்கள். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் அதிக நேரம் போயிருப்பது உடனே தெரியும்.

முதல் மூன்று ஆண்டுகளில், அதாவது முதல் நிலையில், மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், அறிவியல், இஸ்லாமியக் கல்வி அல்லது நன்னெறிக் கல்வி, உடற்கல்வியும் நலக்கல்வியும், காட்சிக்கலை, இசை ஆகியவை இருக்கும். நான்காம் ஆண்டில் வரலாறும், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் சேர்கின்றன. இவை தவிர ‘கூடுதல் மொழி’ என்று ஓர் இடம் உண்டு. அரபு, சீனம், தமிழ் முதலியவை அந்த இடத்துக்கு உரியவை. அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தமிழ் அங்கே தானாக வந்து உட்காராது.

2027 முதல் புதிய பள்ளிக் கலைத்திட்டம் முதலாம் ஆண்டில் தொடங்கும் என்று அமைச்சு அறிவித்திருக்கிறது. அந்த ஆண்டு சேரும் பிள்ளைக்கு அக்காவின் பழைய பயிற்சிப் புத்தகங்களை எடுத்து வைப்பதற்கு முன், புதிய பாடநூல் கைக்கு வரும்வரை பொறுத்திருங்கள்.

மலாய்தான் முதல் மலை

பாலர் பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று வளர்ந்த பிள்ளைக்கு முதலாம் ஆண்டில் அடி விழுவது மலாயில்தான். கணிதக் கேள்வியும் நன்னெறியும் மலாயில் வருவதால், ஒரு பாடத்தில் தடுமாறும் பிள்ளை நான்கு பாடத்தில் தடுமாறும். மலாய் வாசிப்பும் கணித அடிப்படையும் பின்தங்கினால் பெமூலிஹான் வகுப்புக்கு அழைப்பார்கள். அதைக் கேட்டுப் பதறும் பெற்றோர் உண்டு. சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அது, தண்டனை இல்லை. மறுக்காதீர்கள்.

தமிழ்ப் பிள்ளைகள் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது ‘சி’ என்ற ரோமன் எழுத்து. ஆங்கிலப் பாலர் பள்ளி அதை ‘க’ ஒலியோடு பழக்கியிருக்கும். மலாயில் அது எப்போதும் ‘ச்ச’ போல ஒலிக்கும். விளைவு, கோப்பையைக் குறிக்கும் ‘சாவான்’ நண்பனைக் குறிக்கும் ‘காவான்’ ஆகிவிடுகிறது. இரண்டு சொல்லையும் அட்டையில் எழுதி, பக்கத்தில் படம் வரைந்து, மாற்றி மாற்றிக் காட்டினால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

இரண்டாவது ‘என், ஜி’ சேரும் இடம். பூ என்பதற்கு மலாயில் ‘புஙா’. நம் பிள்ளைகள் ‘புங்கா’ என்பார்கள், ஏனென்றால் நம் பேச்சில் ‘ங’ வந்தால் பின்னாலேயே ‘க’ வந்துவிடும். ‘ஙா’ நமக்கு நெடுங்கணக்கில் மட்டும் இருக்கும் எழுத்து. மலாயில் அது அன்றாடச் சரக்கு. வாய் தப்பாகச் சொன்னால் கையும் தப்பாக எழுதும், சொல்வதெழுதுதலில் ஒரு ‘ஜி’ கூடிப்போகும். விதி எளிது: ‘ங’ மட்டும் கேட்டால் ஒரு ‘ஜி’, ‘ங்க’ என்று கேட்டால் இரண்டு ‘ஜி’. படிக்கட்டு ‘தாங்கா’, அதில் இரண்டு. மாம்பழத்துக்கு ‘மாங்கா’, அதிலும் இரண்டு. அது நம் மாங்காயிலிருந்து போன சொல்தான் என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை மறக்காது.

கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் வேண்டும் என்றால் அதற்கு டிஎல்பி என்ற இருமொழித் திட்டம் இருக்கிறது. 2016-இல் தொடங்கிய அதை எல்லாப் பள்ளியும் நடத்துவதில்லை. மிஷன் பள்ளி என்பதால் இருந்தே தீரும் என்று எண்ண வேண்டாம். அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள்: டிஎல்பி வகுப்பு இருக்கிறதா, எத்தனை வகுப்பு, சம்மதக் கடிதம் எப்போது கொடுக்க வேண்டும். டிஎல்பி வகுப்பிலும் மலாய், நன்னெறி, வரலாறு மலாயிலேயே நடக்கும்.

கணிதப் பாடத்தின் அளவு சொல்லிவிட எளிது. முதலாம் ஆண்டில் 100 வரை, இரண்டில் 1,000 வரை, மூன்றில் 10,000 வரை, பிறகு ஆண்டுக்கு ஒரு பூஜ்யம் கூடும். பிள்ளைக்கு எண் தெரியும், கேள்வியில் இருக்கும் மலாய்ச் சொல் தெரியாது என்பதே வழக்கமான சிக்கல். ‘பாக்கி’ (மீதி), ‘ஜும்லா’ (மொத்தம்), ‘பெசா’ (வித்தியாசம்) போன்ற இருபது முப்பது சொற்களைத் தனியாக ஒரு குறிப்பேட்டில் சேர்த்து வையுங்கள். ‘பாக்கி’ நம் வீட்டுப் பேச்சிலும் அதே பொருளில் இருப்பது ஒரு சௌகரியம்.

நன்னெறிக் கல்வியும் ஞானோபதேசமும்

முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி. மற்ற எல்லாருக்கும், கத்தோலிக்கப் பிள்ளை உட்பட, நன்னெறிக் கல்வி. இதில் 14 பண்புகள்: இறைநம்பிக்கையில் தொடங்கி நன்மனம், கடமையுணர்வு, நன்றியுணர்வு, நேர்மை, மிதமான போக்கு என்று போகும். ஆண்டுக்கு ஆண்டு அதே 14 பண்புதான், வட்டம்தான் விரிகிறது. முதலாம் ஆண்டில் ‘நான்’, இரண்டில் குடும்பம், மூன்றில் பள்ளி, நான்கில் அண்டை அயலார், ஐந்தில் சமுதாயம், ஆறில் நாடு. பண்புகளின் பெயரை மனப்பாடம் செய்ய வைப்பது வீண் உழைப்பு. ‘நீ என்ன செய்வாய், ஏன்?’ என்ற கேள்விக்குப் பிள்ளை மலாயில் இரண்டு வாக்கியம் சொல்லப் பழகினால் போதும்.

1996 கல்விச் சட்டத்தின்படி, உதவி பெறும் பள்ளியின் நிர்வாக வாரியம் இஸ்லாம் அல்லாத வேறு சமயப் போதனையை நடத்தலாம். ஆனால் நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில் நடத்தக் கூடாது. வேறு சமயத்துப் பிள்ளை அதில் உட்காரப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். இந்து வீட்டுப் பிள்ளையைக் கான்வெண்டுக்கு அனுப்பத் தயங்குகிற பாட்டிகளுக்கு இந்த வரியைப் படித்துக் காட்டலாம்.

கத்தோலிக்கக் குடும்பங்களோ ஞாயிறு மறைக்கல்வியைத் தங்கள் பங்குத் தேவாலயத்திலேயே பதிவு செய்ய வேண்டும். பள்ளி திறந்த பிறகு மெதுவாகப் போய்க் கேட்டால் வகுப்பு நிரம்பியிருக்கலாம், ஆண்டுத் தொடக்கத்திலேயே போய்விடுங்கள். தமிழ் வகுப்பா ஆங்கில வகுப்பா என்று பங்கில் கேட்பார்கள். பிள்ளை தமிழ் வாசிக்க இருக்கும் ஒரே வாய்ப்பு இதுவாகவும் இருக்கக்கூடும் என்பதால், தமிழ் வகுப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. ஜெபங்கள் ஏற்கனவே வாயில் பாடமாக இருக்கும். அந்த வரிகளை எழுத்தில் பார்த்து விரல் வைத்துப் படிப்பது மிகச் சுலபமான வாசிப்புப் பயிற்சி.

மதிப்பெண் இல்லாத அறிக்கை

ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீடு, அதில் டிபி 1 முதல் டிபி 6 வரை அடைவுநிலை. டிபி 3 என்றால் ‘தெரியும், புரியும், செய்யவும் முடியும்’; அதுவே குறைந்தபட்சத் தரம். இந்த மதிப்பீட்டில் ‘எத்தனை மார்க்கு?’ என்று கேட்டால் ஆசிரியரிடம் பதில் இருக்காது. மொழிப் பாடத்தில் கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து மூன்றுக்கும் தனித்தனி அடைவுநிலை உண்டு. ‘எதில் டிபி 2?’ என்று கேளுங்கள். பேச்சில் 4 வாங்கி எழுத்தில் 2-இல் நிற்கும் பிள்ளைக்கு டியூஷன் வேண்டாம், தினம் ஐந்து வரி எழுதினால் போதும்.

நான்காம் ஆண்டில் கவனமாக இருங்கள். வரலாறு வந்து சேர்கிறது: வரலாற்றுக்கு முந்தைய காலம், தொடக்ககால மலாய் அரசுகள், மலாக்கா சுல்தான் ஆட்சி. நீண்ட மலாய்ப் பத்திகள். ஆண்டிறுதித் தேர்வும் அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது. ‘சுமை அதிகம்’ என்று சொல்லி முதலில் நிறுத்தப்படுவது எப்போதும் தமிழ் வகுப்பு.

தமிழை உள்ளே கொண்டுவருவது

தேசியப் பள்ளியில் தமிழைக் கேட்டு வாங்க 1996 கல்விச் சட்டம் இடம் தருகிறது. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். நடத்துவது நியாயமானதாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். பழைய பெயரால் இதைப் பலரும் பிஓஎல், அதாவது மாணவர் தாய்மொழி வகுப்பு, என்றே சொல்கிறார்கள். 15 என்பது பள்ளி முழுமைக்கும் உரிய எண்ணிக்கை, ஒரு வகுப்புக்கு அல்ல. முதலாம் ஆண்டில் நான்கு, இரண்டில் மூன்று, ஐந்தில் எட்டு என்று சேர்த்தாலும் போதும்.

கடிதத்தை மலாயில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள், தலைமையாசிரியர் பெயருக்கு. கோரிக்கை ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும். சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிடுங்கள். பின்னிணைப்பாக ஒரு பட்டியல்: மாணவர் பெயர், வகுப்பு, மைகிட் எண், பெற்றோர் பெயர், தொலைபேசி எண், கையொப்பம். 15 பேரோடு நிறுத்தாமல் 20 பேர் வரை சேருங்கள், இடையில் இருவர் வீடு மாறினாலும் பட்டியல் நிற்கும். இரண்டு படி எடுத்து, ஒன்றில் பள்ளி அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். இன்னொரு படி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு.

பெரும்பாலும் காரியம் கெடுவது நேரத்தால். பள்ளி திறந்த பிறகு கடிதம் கொடுத்தால் அட்டவணை ஏற்கனவே பூட்டப்பட்டிருக்கும். முந்தைய ஆண்டின் இறுதிக் காலாண்டிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த சிக்கல் ஆசிரியர். தமிழ் போதிக்கும் ஆசிரியர் பள்ளியில் இல்லையென்றால் அனுப்பி வைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். மூன்றாவது சிக்கல் வேன். வகுப்பைப் பள்ளி முடிந்த பிறகு வைத்தால், ஒரு மணி வேனில் போகும் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். கோரிக்கை வைக்கும்போதே வேன்காரரிடம் பேசி, வாரத்தில் அந்த ஒரு நாளுக்குத் தாமதப் பயணம் கிடைக்குமா என்று கேட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

வகுப்பு கிடைத்தாலும் அது தமிழ்ப்பள்ளித் தமிழ் இல்லை. தேசியப் பள்ளிக்கான தமிழ்ப் பாடத்திட்டம் தனி, எளிது. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்-இல் தமிழ் எழுத விரும்பும் பிள்ளைக்கு இடைவெளி பெரிதாக இருக்கும், ஆகவே வீட்டில் தினம் 15 நிமிடம் கட்டாயம். ‘அ, ஆ’ என்று சுழி நிறைந்த எழுத்துகளில் தொடங்காதீர்கள். ட, ப, ம, ய என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள். மூன்றாம் நாளே பிள்ளை ‘படம்’ என்று வாசித்துவிடும், நான்காம் நாள் ‘பட்டம்’, ‘மடம்’. புள்ளி வைத்தால் ஒலி குறைகிறது என்பதை ‘ம’, ‘ம்’ இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிக் காட்டுங்கள். பிறகு கால், கொம்பு என்று ஒன்றொன்றாக, வாரத்துக்கு ஒரு குறி. மலாய் வீட்டுப்பாடத்துக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். பின்னால் வைத்தால் பிள்ளை தூங்கிவிடும்.