நூல் பரிந்துரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வன்னி வாசகர்களுக்குச் சில குறிப்புகள்

ஒரு நூலை வாசிக்கும்படி இன்னொருவரிடம் சொல்லும்போது, அவருடைய பணத்தையும் பல நாள் ஓய்வு நேரத்தையும் அந்த நூலுக்குத் தரும்படி கேட்கிறோம். வன்னியில் இவ்விரண்டுமே தாராளமாகக் கிடைப்பவை அல்ல. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி சில மாதங்களுக்குள் 350 ரூபாயைத் தாண்டியது. தமிழ்நாட்டிலிருந்து வரும் நூல்களின் விலையும் அதனுடன் ஏறியது. கடதாசித் தட்டுப்பாட்டால் உள்ளூர் அச்சு வேலைகளும் முடங்கின. அதன் பிறகு, நாவல் ஒன்றை வாங்குவதா, பிள்ளைக்குப் பாடசாலைக் கொப்பிகள் வாங்குவதா என்று யோசித்துத்தான் பலர் கடைக்குள் நுழைகிறார்கள். மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பவர் ஒரு குறிப்பிட்ட நூலைத் தேடி வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ, அங்கும் இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கிறது. இவ்வளவு சிரமப்பட்டு வாங்கிய நூல் தமக்கு ஏற்றதல்ல என்று இருபதாம் பக்கத்தில் தெரியவந்தால், அடுத்த முறை அவர் நம் சொல்லை நம்பமாட்டார். அண்மையில்தான் வாசிக்கத் தொடங்கியவராக இருந்தால், வாசிப்பையே கைவிட்டுவிடவும் கூடும்.

காரணம் சொல்லாத புகழ்ச்சி

மிக அடிக்கடி நிகழும் தவறு, "கட்டாயம் வாசியுங்கோ, அருமையான புத்தகம்" என்று சொல்லி அத்துடன் நிறுத்திக்கொள்வதாகும். நமது நூல் வெளியீட்டு விழாக்களின் பேச்சுமுறைக்கும் இதில் பங்குண்டு என்று கருதுகிறேன். வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை என நீளும் அந்த மேடையில் குறை சொல்வது மரியாதை ஆகாது. முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் பெறுவோர் மேடையேறி, கடித உறையில் பணத்தை வைத்துக் கொடுத்து நூலைப் பெற்றுச் செல்லும் வழக்கம், எழுத்தாளரின் அச்சுச் செலவில் ஒரு பகுதியையாவது ஈடுசெய்கிறது. அது நல்ல வழக்கம், நிலைக்க வேண்டியதும்கூட. ஆனால் அந்த மேடைக்குரிய மொழியிலேயே ஒரு நண்பருக்கும் நூலைச் சொன்னால், கேட்பவர் அதிலிருந்து எதையும் அறிந்துகொள்ள முடியாது.

பரிந்துரையில் இருக்க வேண்டியவை நூலின் தன்மை, அதன் மொழி எவ்வளவு கடினம் என்பது, நம்மைத் தொட்ட இடம், நமக்குச் சலிப்புத் தந்த இடம் ஆகியவை. உதாரணமாக, வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்: "இந்த நாவல் 420 பக்கம். முதல் 60 பக்கத்தில் பெயர்கள் நிறைய வரும், கதை மெதுவாகத்தான் நகரும். மாமியாரும் மருமகளும் கதைக்கும் இடங்களுக்காகவே நான் கடைசிவரை போனேன். தஞ்சாவூர்ப் பேச்சுவழக்கு சில இடங்களில் எனக்குப் பிடிபடவில்லை. வேகமான கதை தேடுகிறீர்கள் என்றால் இப்போதைக்கு இது வேண்டாம்." இதை வாசிக்கும் ஒருவர், நூலைத் தேடிப் போவதா இல்லையா என்று தாமே தீர்மானித்துவிட முடியும். குறையையும் சேர்த்துச் சொன்னதால் நூலின் மதிப்புக் குறைந்துவிடவில்லை; சொன்னவரின் சொல்லுக்குத்தான் மதிப்புக் கூடியிருக்கிறது.

ஆளை அறியாமல் நூலைச் சொல்வது

சீர்காழியில் பிறந்து இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன், 1931ஆம் ஆண்டில் நூலக அறிவியலுக்கென ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது நான்காவது. நூலகர்களுக்காக எழுதப்பட்டவையானாலும், நண்பர்களுக்கிடையிலான பரிந்துரைக்கு இவற்றைவிடச் சிறந்த வழிகாட்டி எனக்குத் தெரியாது. நமக்குப் பிடித்த நூல் என்பதற்காக அதை எல்லோரிடமும் திணிப்பவர்கள் இரண்டாம் விதியை மறந்துவிடுகிறார்கள். கடைசியாக எந்த நூலை முழுதாக வாசித்தீர்கள், எதைப் பாதியில் வைத்தீர்கள் என்ற இரு கேள்விகளைக் கேட்டாலே, எதிரில் இருப்பவரின் விருப்பம் பெரும்பாலும் தெரிந்துவிடும். அவற்றுள் இரண்டாவது கேள்விக்கு வரும் விடைதான் அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

அவருக்கு வாசிக்க எப்போது நேரம் கிடைக்கிறது என்பதையும் அறிய வேண்டும். இலங்கையில் ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம். பொது நூலகங்களும் பாடசாலைகளும் அம்மாதத்தில் கண்காட்சிகளையும் போட்டிகளையும் நடத்துகின்றன. வன்னியில் வயல் செய்பவர்களுக்கோ அதுதான் மழையை எதிர்பார்த்துக் காலபோக விதைப்புக்கு ஓடித் திரியும் காலம். அம்மாதத்தில் அவர்களிடம் பெரிய நாவலொன்றைக் கொடுத்துவிட்டு, அவர்கள் வாசிக்கவில்லை என்று குறைபட்டுக்கொள்வது நியாயமல்ல. சிறுகதைத் தொகுப்பைக் கொடுத்தால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கதையாவது வாசிப்பார்கள். பெரிய நூல் அறுவடை முடிந்த பிறகு போய்ச் சேரட்டும்.

"இதைக்கூட வாசிக்கவில்லையா?" என்று கேட்பது, எந்த ஊரிலும் தவறுதான் என்றாலும், இங்கே கொடுமையாகவே முடியக்கூடும். இன்று முப்பதுகளில் இருக்கும் வன்னி வாசகர் ஒருவர், பாடசாலைப் பருவத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, 2009க்குப் பிறகு செட்டிகுளத்து முகாமில் கூடாரத்துக்குள் இருந்து பரீட்சைக்குப் படித்தவராக இருக்கலாம். வீட்டிலிருந்த நூல்களை எல்லாம் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் இன்னமும் வாசிக்காத நூல்களைச் சுட்டிக்காட்டுவதில் நமக்குப் பெருமை ஏதுமில்லை. வாசிக்கக் கிடைக்கச் செய்வதே நாம் செய்யக்கூடியது. மாத நாவல் வாசிப்பவரை இளக்காரமாகப் பார்ப்பதும் இதே வகைத் தவறு.

போரைப் பற்றிய நூல்கள்

இந்த இடத்தில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. போரைப் பற்றியும் முள்ளிவாய்க்காலைப் பற்றியும் நாவல்கள், கவிதைகள், நினைவுக் குறிப்புகள் எனப் பல நூல்கள் வந்துவிட்டன, இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வாசகருக்கு அவை தெரியாததைத் தெரிவிக்கும் நூல்கள். புதுக்குடியிருப்பிலும் விசுவமடுவிலும் இருக்கும் வாசகருக்கோ, அவற்றில் வரும் வீதியும் மரமும் பங்கரும் தம்முடையவை. கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர், மிகுந்த அன்போடு, "உங்கட கதைதான் இது, இரவோடு இரவாக வாசித்து முடித்தேன்" என்று கொடுத்துச் செல்லும் நூல், பெற்றுக்கொண்டவர் வீட்டில் திறக்கப்படாமலேயே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இதில் இரண்டு தவறுகள் உண்டு. ஒன்றிலிருந்து தப்பப் போய் மற்றதில் விழுகிறோம். முதலாவது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் கொடுப்பது. இரண்டாவது, இவரால் தாங்க முடியாது என்று நாமே முடிவு செய்து, அந்த நூலைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது. தம் வாழ்வில் நடந்ததை எழுத்தில் வாசித்தபோதுதான் அழ முடிந்தது என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு பக்கம்கூடப் புரட்ட முடியவில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். அவர் எந்த வகையினர் என்பது நமக்குத் தெரியாது. பல வேளைகளில் அவருக்கே முன்கூட்டித் தெரிவதில்லை. ஆகவே உள்ளதைச் சொல்லிவிட்டு, முடிவை அவரிடம் விட வேண்டும்: "இதில் ஷெல் விழுந்து ஒரு குழந்தை இறக்கும் அத்தியாயம் இருக்கிறது, ஏழாவது அத்தியாயம். அதைத் தாண்டிப் போனாலும் கதை விளங்கும். இப்போது வேண்டாம் என்றால் என்னிடமே இருக்கட்டும், பிறகு கேளுங்கள்." இப்படிச் சொல்வதற்கு, கொடுப்பவர் நூலை உண்மையிலேயே வாசித்திருக்க வேண்டும். விமரிசனத்தைப் பார்த்துவிட்டு இவ்வகை நூலைப் பரிந்துரைப்பதை நான் எவ்வகையிலும் ஏற்கமாட்டேன். கொடுத்த பின்னர், "வாசித்தீர்களா, எப்படி இருந்தது?" என்று விடாமல் கேட்பதும் கூடாது.

போர் பற்றிய நூல்களுக்கு மட்டுமே இந்தக் கவனம் தேவை என்று நினைப்பதும் சரியல்ல. அ. பாலமனோகரனின் "நிலக்கிளி" 1973ஆம் ஆண்டில் வீரகேசரி பிரசுரமாக வந்த நாவல். முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பை, அதன் காட்டையும் குளத்தையும் மனிதர்களையும், அருகிலிருந்து காட்டுவது. போர் தொடங்குவதற்கு முந்திய காலத்தது. வன்னி மண்ணின் கதையை வாசிக்க விரும்பும் இளையவருக்கு நான் முதலில் சொல்லும் நூல்களுள் இதுவும் ஒன்று. ஆனால் தண்ணிமுறிப்பு மக்கள் 1984ஆம் ஆண்டில் அங்கிருந்து இடம்பெயர நேர்ந்தது. அவ்வூரில் பிறந்த முதியவர் ஒருவருக்கு இதே நூலைக் கொடுக்கும்போது, இளையவருக்குச் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லிக் கொடுக்க முடியாது. அவருக்கு இது இலக்கியமாக இருப்பதற்கு முன் ஊராக இருக்கும். "உங்கள் ஊர்க் கதை, விருப்பமென்றால் சேர்ந்து வாசிக்கலாம்" என்பதே அவருக்குப் பொருத்தமான பரிந்துரை. பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டினால், நூலில் இல்லாத பலவற்றையும் அவர் சொல்லக்கூடும்.

விவரமின்றிச் சொல்வது

அட்டைப் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிடாமல் விடுவது சிறு விடயமாகத் தோன்றலாம். ஈழத்து நூல்கள் பெரும்பாலும் 300, 500 பிரதிகளே அச்சாகின்றன. பல நூல்களை எழுதியவரே வெளியிட்டு, அவரே விற்கிறார். கடையில் கேட்டால் "வரவில்லை" என்ற பதிலே கிடைக்கும். நூல் எங்கே கிடைக்கும், பிரதேச சபை நூலகத்தில் இருக்கிறதா, என்னிடமிருந்து இரவல் பெறலாமா என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பரிந்துரை முழுமை பெறும். சென்னைப் புத்தகக் கண்காட்சியில் வெளிவந்த நூல்களின் நீண்ட பட்டியலை அப்படியே பகிர்வதைவிட, நமது ஊர் நூலகத்து இறாக்கையில் இருக்கும் இரண்டு நூல்களைச் சுட்டுவது அதிக பயன் தரும். நூலின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் திகதித் தாளில் பல ஆண்டுகளாக எந்த முத்திரையும் விழாத நல்ல நூல்கள் அங்கே இருக்கின்றன.

பழைய ஈழத்து நூல்களைத் தேடுவோர், 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட "நூலகம்" எண்ணிம நூலகத்தில் முதலில் பார்க்கலாம். பல்லாயிரம் ஈழத்து நூல்களும் இதழ்களும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. பழந்தமிழ் நூல்களுக்கு, 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் இருக்கிறது. ஆனால், சென்ற மாதம் வெளிவந்த நூலொன்றை யாரோ கைத்தொலைபேசியில் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கியதை, "இலவசமாக வாசியுங்கள்" என்று பரப்புவது வேறு. 300 பிரதி அச்சிட்டு, 120 பிரதிகூட விற்காத நிலையில் இருக்கும் எழுத்தாளரின் அடுத்த நூலை அது நிறுத்திவிடும். வாங்க முடியாதவருக்கு நம் பிரதியை இரவலாகக் கொடுப்பதே முறை.

வாசித்துக்கொண்டிருப்பதைப் பகிரும்போது

நடுவில் இருக்கும் நூலைப் பற்றிப் பேசுவதில் தனி இன்பம் உண்டு. முடித்த பிறகு வரும் மதிப்பீட்டில் இல்லாத ஐயமும் எதிர்பார்ப்பும் அதில் இருக்கும். அதைக் கெடுப்பது, நாற்பது பக்கத்தில் இருந்துகொண்டு முழு நூலுக்கும் தீர்ப்புச் சொல்வது. "90ஆம் பக்கத்தில் நிற்கிறேன், இதுவரை இப்படித் தோன்றுகிறது" என்று நிற்கும் இடத்தைச் சொன்னால் போதும். கேட்பவர்களுள் அந்த நூலை முடித்தவர் இருந்தால், அவரும் அந்தப் பக்கத்தைத் தாண்டாமல் பேசுவார். யார் இறந்தார், யாரை யார் மணந்தார் என்பதை உற்சாகத்தில் அவிழ்த்துவிடுவது, வாசிப்பு வட்டங்களில் மனக்கசப்பு உண்டாவதற்கு வழக்கமான காரணம். இந்த ஆண்டு இத்தனை நூல் முடித்தேன் என்று எண்ணிக்கையை முன்வைப்பதும் அப்படியே: ஒரே நூலை மாதக்கணக்காக வாசிப்பவரை அது மௌனமாக்கிவிடும். ஒரு நூலைப் பாதியில் நிறுத்தியதையும் கூச்சமின்றிப் பகிரலாம். ஏன் நிறுத்தினோம் என்ற விளக்கம் பிறருக்கு உதவும்.

பிள்ளைகள் விடயத்தில் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பயன்படுமா என்று பார்த்தே நூலைச் சொல்லும் பெரியவர்கள், பிள்ளை தானாக எடுத்து வந்த சித்திரக் கதையைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.

இரவல் வாங்கியவர் பக்கத்திலும் ஒரு தவறு நிகழ்கிறது: நூலை வாசித்துவிட்டு, எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பது, அல்லது பிடிக்கவில்லை என்று சொல்லத் தயங்கித் திருப்பியே கொடுக்காமல் விடுவது. "எனக்குப் பிடிக்கவில்லை, அந்த இரண்டாம் பாகம் மிக நீளம்" என்று சொல்லித் தந்தால், கொடுத்தவர் அடுத்த முறை வேறொன்றைத் தெரிந்தெடுப்பார். கொடுப்பவரும் ஒரு கொப்பியில் பெயர், நூல், திகதி மூன்றையும் எழுதி, நான்காவதாக ஒரு நிரலில், வாசித்தவர் சொன்ன ஒரு வரியைக் குறித்து வைக்கலாம். அந்த நூலை அடுத்து யாருக்குக் கொடுப்பது என்பதை அந்த நான்காம் நிரலைப் பார்த்தே முடிவு செய்யலாம்.