கன்டென்ட் டிசைனர் ஆக வேண்டுமா? ஒரே ஒரு பிழைச் செய்தியில் தொடங்குங்கள்

கன்டென்ட் டிசைனர் என்றதும் இன்ஸ்டாகிராமுக்குப் போஸ்டர் போடுபவர் என்றோ, பிளாக் கட்டுரை எழுதித் தருபவர் என்றோதான் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. ஒரு ஆப்புக்கோ இணையதளத்துக்கோ வந்தவர் வந்த காரியத்தை முடித்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு எந்தத் தகவல், எந்த இடத்தில், எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் இந்த வேலை. எழுதுவது அதில் ஒரு பகுதி.

இந்தப் பெயர் பிரபலமானது பிரிட்டன் அரசின் டிஜிட்டல் பிரிவிலிருந்து. 2012 அக்டோபரில் கவ்.யூகே (GOV.UK) என்ற அந்த அரசின் பொதுத் தளம் தொடங்கியபோது, சாரா ரிச்சர்ட்ஸ் தலைமையிலான குழு பழைய அரசுப் பக்கங்களை இந்த முறையில்தான் மாற்றி அமைத்தது. அந்தத் தளத்தின் பொது விடுமுறைப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். அடுத்த விடுமுறை எந்தத் தேதி என்பது மேலேயே பெரிய எழுத்தில் இருக்கும். பட்டியல் அதற்குக் கீழே. முன்னுரை, வரவேற்புரை எதுவும் கிடையாது.

இந்த வேலைக்கு இன்ன பட்டம்தான் வேண்டும் என்றில்லை. பத்திரிகை, மொழிபெயர்ப்பு, ஆசிரியர் பணி என்று பல பக்கங்களிலிருந்தும் வருகிறார்கள். கஸ்டமர் கேரில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வசதி என்பது என் எண்ணம். மக்கள் எங்கே திணறுகிறார்கள் என்று நாள் முழுக்கக் காதால் கேட்டவர்கள் அவர்கள்தானே. பட்டம் கேட்காவிட்டாலும் போர்ட்ஃபோலியோ, அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு, கேட்பார்கள். அதை உருவாக்கும் வழி இதோ.

படி 1: ஒரு திரையை மட்டும் எடுங்கள்

முழு ஆப்பையும் மாற்றி அமைக்கிறேன் என்று இறங்காதீர்கள். ஒரே ஒரு பிழைச் செய்தி போதும். கரண்ட் பில் கட்டும் ஆப்பில் இப்படி ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம்:

"தங்களது பரிவர்த்தனை வெற்றிகரமாக நிறைவேற்றப்படவில்லை. தயவுசெய்து மீண்டும் முயற்சிக்கவும்."

படி 2: படிப்பவர் மனதில் என்ன ஓடுகிறது?

பிளே ஸ்டோரில் இதுபோன்ற ஆப்களுக்கு ஒரு ஸ்டார் கொடுத்தவர்களின் விமர்சனங்களைப் படியுங்கள். வீட்டில் பில் கட்டுபவரிடம் கேளுங்கள். பிறகு கவ்.யூகே குழு பயன்படுத்திய பாணியில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: நான் இன்னார், எனக்கு இது தெரிய வேண்டும், அப்போதுதான் இதைச் செய்ய முடியும்.

நம் ஆளுக்கு இப்படி வரும்: "நான் கடைசித் தேதியில் பில் கட்டுபவர். என் பணம் போய்விட்டதா என்று தெரிய வேண்டும். அப்போதுதான் மறுபடி கட்டலாமா என்று முடிவு செய்ய முடியும்."

மேலே உள்ள செய்தி இதற்குப் பதில் சொல்கிறதா? இல்லை. அது மட்டுமல்ல, "மீண்டும் முயற்சிக்கவும்" என்று சொல்லி இரண்டு முறை பணம் கட்ட வைக்கவும் கூடும்.

படி 3: எழுதுவதற்கு முன் விசாரியுங்கள்

கன்டென்ட் டிசைனரும் எழுத்தாளரும் பிரிகிற இடம் இதுதான். "பரிவர்த்தனை" என்பதை எளிய சொல்லாக மாற்றிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். டெவலப்பரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தச் செய்தி எப்போதெல்லாம் வருகிறது? வங்கி "முடியாது" என்று சொன்னபோதா, அல்லது வங்கியிடமிருந்து பதிலே வராதபோதுமா? இரண்டுக்கும் ஒரே செய்தி காட்டினால் கோளாறு வாக்கியத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. போர்ட்ஃபோலியோவுக்காகச் செய்யும்போது பக்கத்தில் டெவலப்பர் இருக்க மாட்டார். "இரண்டு நிலைகள் இருப்பதாக எடுத்துக்கொண்டேன்" என்று எழுதிவிடுங்கள், போதும்.

அடுத்தது விதிமுறை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, யூபிஐயில் ஒரு நிறுவனத்துக்குக் கட்டிய பணம் கணக்கிலிருந்து கழிந்தும் அங்கே உறுதியாகவில்லை என்றால், அடுத்த 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்பியாக வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பதறிப்போய் நிற்பவருக்கு "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்பதைவிட இந்த 5 நாள் கணக்கு எவ்வளவோ மேல்.

படி 4: இப்போது எழுதுங்கள்

பதில் வராத நிலைக்கு:

தலைப்பு: பணம் வந்ததா என்று வங்கியிடம் சரிபார்க்கிறோம்
உள்ளே: இப்போதைக்கு மறுபடி கட்ட வேண்டாம். முடிவு தெரிந்ததும் எஸ்எம்எஸ் அனுப்புகிறோம்.

தோல்வி உறுதியான நிலைக்கு:

தலைப்பு: பில் கட்டப்படவில்லை
உள்ளே: கணக்கிலிருந்து 1,240 ரூபாய் எடுக்கப்பட்டிருந்தால், 5 நாட்களுக்குள் அதே கணக்குக்குத் திரும்ப வந்துவிடும்.
பட்டன்: மறுபடி கட்ட

பட்டனில் "கட்டு" என்று போட்டால் அதட்டுவது போலிருக்கும். "கட்டுங்கள்" சின்ன திரையில் இடம் பிடிக்கும். "கட்ட" என்று நிறுத்திக்கொள்வது என் பழக்கம்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் மூன்று வீட்டு இணைப்புகளைச் சேமித்து வைத்திருக்கிறார் என்றால், யாருடைய பில் என்று பெயரையும் காட்ட வேண்டும். பெயர் வரும் இடத்தைக் காலியாக விட்டு அதன் பின்னால் "இன் பில்" என்று ஒட்டினால், திரையில் "மாலாஇன் பில்", "குமார்இன் பில்" என்று வந்து நிற்கும். மாலாவின், குமாரின் என்று புணர்த்த மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் பெயருக்கு வேற்றுமை உருபு தேவைப்படாதபடி வாக்கியத்தையே மாற்றுங்கள்: "இணைப்பு: மாலா". ஆங்கிலத்தில் எழுதிப் பிறகு தமிழுக்கு மாற்றும் குழுக்களில் இது அடிக்கடி தப்பிவிடும். நீங்கள் சுட்டிக்காட்டினால் உடனே கவனிப்பார்கள்.

படி 5: எஸ்எம்எஸ்ஸையும் எழுதுங்கள்

திரையில் எஸ்எம்எஸ் வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டோமே. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70. அந்த எழுபதிலும் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "கரண்ட் பில்" என்பது கண்ணுக்கு ஆறு எழுத்தும் ஒரு இடைவெளியும். கணக்கில் 11. எழுபதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ்ஸாகக் கணக்காகும், நிறுவனத்துக்குச் செலவும் கூடும். ஆகவே "அன்பார்ந்த வாடிக்கையாளரே" போகட்டும். "பில் கட்டப்பட்டது" முதலில் வரட்டும்.

படி 6: நாலைந்து பேரிடம் காட்டுங்கள்

போனைக் கையில் கொடுத்து, "இதைப் பார்த்ததும் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்ல வாய் துறுதுறுக்கும். பேசாதீர்கள். "நல்லா இருக்கா?" என்றும் கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். யாராவது தடுமாறினால் திருத்தி இன்னொருவரிடம் காட்டுங்கள். எதை ஏன் மாற்றினீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: போர்ட்ஃபோலியோவாக்குங்கள்

திரைகளை வரைய உதவும் ஃபிக்மா என்ற மென்பொருளின் இலவசக் கணக்கே போதும். அதுவும் வராதென்றால் ஒரு கூகுள் டாக். பழைய திரை, நீங்கள் கேட்ட கேள்விகள், தள்ளிய வாசகங்கள், கடைசித் திரை என்ற வரிசையில் வையுங்கள். வேலை கொடுப்பவர் தேடுவது நடுவில் உள்ள இரண்டையும்தான். அழகான கடைசித் திரையை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம்.

படி 8: விண்ணப்பியுங்கள்

லிங்க்ட்இன்னில் "கன்டென்ட் டிசைனர்", "யூஎக்ஸ் ரைட்டர்" இரண்டையும் ஆங்கிலத்தில் தேடுங்கள். ஒரே வேலைக்கு நிறுவனத்துக்கு ஒரு பெயர். ஆப்களைத் தமிழாக்கும் ஃப்ரீலான்ஸ் வேலையும் உள்ளே நுழைய நல்ல கதவு.

நேர்முகத்துக்கு முன் டெஸ்ட் கொடுப்பார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிவதென்றால் சரி. ஆப் முழுவதையும் எழுதித் தரச் சொன்னால் அது டெஸ்ட் அல்ல, வேலை. கூலி கேளுங்கள். உங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே கன்டென்ட் டிசைனர் எந்தக் கட்டத்தில் உள்ளே வருவார்?" திரையெல்லாம் வரைந்து முடித்த பிறகு என்று பதில் வந்தால், காலிக் கட்டங்களை நிரப்பத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். முதல் வேலைக்கு அதுவும் பரவாயில்லை, இரண்டாவதற்கு வேண்டாம்.