கையொப்பமிட்ட பிடிஎஃப்பில் பிழை: என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

டிஜிட்டல் கையொப்பம் இட்ட பிறகுதான் ஒப்பந்தத்தில் தேதி தவறு என்று கண்ணில் படும். அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றிச் சேமித்தால் போதாதா என்றால், போதாது. கையொப்பம் இடும்போது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஹாஷ் என்ற குறியெண் கணக்கிடப்பட்டு, உங்கள் டோக்கனில் (கையொப்பச் சான்றிதழைத் தாங்கும் யுஎஸ்பி கருவி) உள்ள ரகசியச் சாவியால் முத்திரையிடப்படுகிறது. அந்த உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு இடிக்கும்.

அக்ரோபேட் போன்ற மென்பொருள்கள் பிந்தைய மாற்றங்களைக் கோப்பின் வாலில் சேர்க்கும், முன்பிருந்ததை அழிக்காது. அதனால் சிக்னேச்சர் பேனலில் 'வியூ சைன்ட் வெர்ஷன்' கொடுத்தால் கையொப்பமிட்டபோது இருந்த வடிவம் அப்படியே திறக்கும். ஒளித்து மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள்.

கையொப்பமிட்டது நீங்கள் ஒருவர்தான், கோப்பும் இன்னும் வெளியே போகவில்லை என்றால் சிக்கல் சிறியது. டோக்கனைச் செருகி, கையொப்பத்தின் மீது ரைட் கிளிக் செய்து 'கிளியர் சிக்னேச்சர்' கொடுங்கள். கையொப்பமிட்ட அதே சான்றிதழ் கையில் இருந்தால்தான் இது நடக்கும். ஆனாலும் மூல வேர்டு கோப்பைத் திருத்தி, புதிய பிடிஎஃப் எடுத்து, மீண்டும் கையொப்பமிடுவதே சுத்தமான வழி. ஆதார் சரிபார்ப்பைக் கொண்டு இணையத்திலேயே கையொப்பமிடும் ஆதார் இ-சைனில் வேறு வழியே இல்லை. அதன் சாவி அந்த ஒரு கையொப்பத்துக்காக உருவாகி உடனே அழிக்கப்படுகிறது. சான்றிதழின் ஆயுளே 30 நிமிடம்தான். கோப்பை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால், புதியதன் முதல் பக்கத்திலேயே 'திருத்திய பதிப்பு 2, முந்தையது செல்லாது' என்று எழுதி அனுப்புங்கள்.

இரு தரப்பும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தைத் தொடவே வேண்டாம். துணை ஒப்பந்தம் ஒன்று போடுங்கள். மூல ஒப்பந்தத்தின் தேதி, மாறும் பிரிவின் எண், பழைய வாசகம், புதிய வாசகம், மற்ற பிரிவுகள் அப்படியே தொடரும் என்ற வரி ஆகியவை போதும். முதலில் கையொப்பமிட்ட அனைவரும் இதிலும் இட வேண்டும்.

தெரியாமலே கையொப்பத்தைக் கெடுக்கும் வேலைகள்தான் அதிகம். அளவைச் சுருக்குவது, வேறு பிடிஎஃப்புடன் இணைப்பது, பக்கம் பிரிப்பது, ஓசிஆர் ஓட்டுவது (படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றுவது) எல்லாமே இந்த ரகம். இ-ஆதாரின் பாஸ்வேர்டு தொல்லை என்று 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்து எடுக்கும் நகலில் கையொப்பத்தின் படம் மட்டுமே மிஞ்சும், கையொப்பம் இருக்காது. பல கோப்புகளைச் சேர்த்து அனுப்ப வேண்டுமானால் ஜிப் செய்யுங்கள். கையொப்பமிட்ட வேர்டு கோப்பில் 'எடிட் எனிவே' அழுத்தினாலும் கையொப்பம் போய்விடும்.

மஞ்சள் கேள்விக்குறியைப் பார்த்ததும் யாரோ திருத்திவிட்டார்கள் என்று பதற வேண்டாம். சான்றிதழ் வழங்கியவரை உங்கள் கணினிக்கு இன்னும் தெரியாது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். சிக்னேச்சர் பிராப்பர்ட்டீஸ், ஷோ சைனர்ஸ் சர்டிஃபிகேட், டிரஸ்ட் என்று போய் 'ஆட் டு டிரஸ்டட் சர்டிஃபிகேட்ஸ்' கொடுத்து மறுபடி சரிபார்த்தால் பச்சை டிக் வரும். கோப்பு நேரடியாக அரசுத் தளத்திலிருந்து இறக்கியதாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். சிவப்புப் பெருக்கல் குறி என்றால் கதை வேறு. அனுப்பியவரிடம் புதிய கோப்பு கேளுங்கள்.

கையொப்பத்துக்குப் பின் நிரப்ப வேண்டிய தேதி, இடம் போன்றவை இருந்தால் அவற்றைப் படிவக் கட்டங்களாக முன்பே அமையுங்கள். எல்லோருக்குமான கையொப்பக் கட்டங்களையும் முதல் கையொப்பத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். முதலாமவர் 'சர்டிஃபை' (பின்னர் எந்த மாற்றங்களுக்கு அனுமதி என்று வரையறுக்கும் கையொப்பம்) செய்வதானால், படிவம் நிரப்பவும் கையொப்பமிடவும் அனுமதிக்கும் நிலையைத் தேர்ந்தெடுக்கட்டும். 'லாக் டாக்குமெண்ட் ஆஃப்டர் சைனிங்' கட்டத்தில் கடைசியாகக் கையொப்பமிடுபவர் மட்டும் டிக் செய்யலாம்.