கட்டுச்சோறு வேறு, அவசரப் பொட்டலம் வேறு: வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 டிசம்பர் 2-ஆம் தேதி காலை அளந்தபோது, ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. அரூரில் 33. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது எங்கோ கடலோரத்தில். ஆனால் கடலே இல்லாத நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலும் சாலைகள் துண்டிக்கப்பட்டன, நின்றிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. "நமக்கு எங்கே வெள்ளம் வரப்போகிறது" என்ற பேச்சு அன்றோடு நின்றுபோயிற்று. அடுத்து எங்கள் சொந்தபந்தத்தில் சில வீடுகளில் திறந்ததும் சாப்பிடும்படியான சாப்பாட்டுப் பொட்டலங்களைச் செய்து அலமாரியில் வைக்க ஆரம்பித்தார்கள். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் அதைச் செய்கிற விதத்தில் சில தவறுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு உயிருக்கே ஆபத்தானவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான தவறு, இரண்டு தேவைக்கும் ஒரே பொட்டலம் போதும் என்று நினைப்பது. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகும்போது கட்டுகிற சோறு அன்று மதியமே காலியாகிவிடும். அதில் ஈரம் இருக்கலாம். வெள்ளத்துக்கும் மின்தடைக்கும் எடுத்து வைப்பது மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும், அடுப்பில்லாமல் சாப்பிட முடிய வேண்டும். அதில் ஈரமே இருக்கக் கூடாது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

சாம்பாரைப் பையில் அடைத்து அலமாரியில் வைப்பது

ஆன்லைனில் இப்போது வேக்குவம் சீலர் எளிதாகக் கிடைக்கிறது. சாம்பார் சாதத்தையோ குருமாவையோ பையில் போட்டு, காற்றை உறிஞ்சி ஒட்டிவிட்டால் கம்பெனி பாக்கெட் மாதிரியே இருக்கும். பார்ப்பதற்கு மட்டும்தான் அப்படி. காற்றை எடுத்துவிட்டால் கிருமி வளராது என்று நம்புகிறார்கள். காற்று இல்லாத இடத்தில்தான் வளர்வேன் என்று ஒரு கிருமி இருக்கிறது. அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். மண்ணில் சாதாரணமாக இருப்பது. காய்கறியோடும் பருப்போடும் அதன் வித்துகள் சமையலறைக்கு வரும். நாம் கொதிக்க வைக்கும் 100 டிகிரியில் அந்த வித்துகள் சாவதில்லை. காற்றில்லாத, ஈரமான, புளிப்புக் குறைந்த உணவில் அறைச் சூட்டில் விட்டால் முளைத்து நஞ்சைக் கக்கும். பை உப்பலாம், உப்பாமலும் இருக்கலாம். வாடையும் ருசியும் மாறாமலே இருக்கலாம்.

இந்த நோய் அரிது. ஆனால் வந்தால் நரம்பைத் தாக்கும். பார்வை இரண்டு இரண்டாகத் தெரியும், இமை தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசையே செயலிழக்கும். இப்படி அறிகுறி தெரிந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன சாப்பிட்டோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சரி, கம்பெனிக்காரர்கள் மட்டும் எப்படிச் செய்கிறார்கள்? பாலியஸ்டர், அலுமினியத் தகடு, பாலிபுரொப்பிலீன் என்று அடுக்கடுக்கான பையில் உணவை நிரப்பி ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகு ரிட்டார்ட் என்ற அழுத்தக் கலனில் வைத்து 121 டிகிரி அளவில் வேக வைக்கிறார்கள். பையின் நடுப்பகுதி எவ்வளவு நேரத்தில் அந்தச் சூட்டை எட்டுகிறது என்பதைக் கருவி வைத்து அளந்திருப்பார்கள். 1961-இல் மைசூரில் தொடங்கப்பட்ட பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி நிலையம் ராணுவத்துக்காக இப்படிப்பட்ட உணவுகளை உருவாக்கியிருக்கிறது. அத்தனை அளவும் சோதனையும் அதன் பின்னால் இருக்கின்றன.

"வீட்டுக் குக்கரிலும் அதே சூடு வருமே, பாட்டிலைக் குக்கரில் வைத்தால் ஆகாதா" என்று கேட்பவர்கள் உண்டு. குக்கருக்குள் அந்தச் சூடு வருவது உண்மைதான். ஆனால் பாட்டிலின் நடுவே இருக்கும் கெட்டிச் சாம்பாருக்கு அது எப்போது எட்டியது, எவ்வளவு நேரம் நின்றது என்று நமக்குத் தெரிய வழியில்லை. விசில் எண்ணி இதை முடிவு செய்ய முடியாது. இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளைப் பார்த்தால் இதன் சூட்சுமம் புரியும். அங்கே டின்னில் அடைக்கும் மாங்கூழுக்குக் கொதிநிலையை ஒட்டிய சூடே போதும். காரணம் மாங்கூழின் புளிப்பு. புளிப்பை அளக்கும் பி.ஹெச். எண் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே இருந்தால் அந்த வித்து முளைக்காது. பருப்பு, காய்கறி, கறி, சோறு எல்லாம் 4.6-க்கு மேலே இருப்பவை. அவற்றை அடைத்து வைக்க வேண்டுமானால் ஃபிரீசரில்தான் வைக்க வேண்டும். மின்சாரம் போகும் நாளுக்காகச் செய்யும் உணவை ஃபிரீசரை நம்பி வைப்பதில் பொருளும் இல்லை. ஆகவே வேக்குவம் சீலர் வாங்கியிருந்தால், காய்ந்த பொருளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஆக்சிஜன் உறிஞ்சும் குட்டிப் பாக்கெட்டுக்கும் இதே விதிதான்.

ஆவி பறக்கும் சோற்றைக் கட்டுவது

ஒரு நாள் பயணத்துக்கு வருவோம். விடியற்காலையில் சமைத்து, சூட்டோடு சூடாகப் பெரிய பொட்டலமாகக் கட்டி, காரின் பின்பக்கம் வைத்து, ஒகேனக்கலில் நீர்வரத்து அதிகமென்று குளிக்கத் தடை போட்டிருக்க, அங்கே இங்கே சுற்றிவிட்டு மூன்று மணிக்குப் பிரித்தால் சோறு நூல் விட்டிருக்கும். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமியின் வித்து இருக்கும். அதுவும் வேகும்போது சாகாது. 5 முதல் 60 டிகிரி வரை உணவுக்கு ஆபத்தான சூடு, அதற்கு இடைப்பட்ட வெதுவெதுப்பில் இது மளமளவென்று பெருகும். பெரிய பொட்டலத்தின் நடுப்பகுதி மணிக்கணக்கில் அந்த வெதுவெதுப்பிலேயே கிடக்கிறது.

"லேசாக வாடை வந்தால் என்ன, ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்" என்பது இதோடு ஒட்டிவரும் தவறு. இந்தக் கிருமி விடும் வாந்தி நஞ்சு சூடு பண்ணினாலும் அழியாது. கையில் புண்ணோடு சோறு பிசைந்தால் சேரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் நஞ்சும் அப்படித்தான். சந்தேகம் வந்துவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான்.

புளிசாதம் தாங்குவதற்குக் காரணம் புளி, உப்பு, எண்ணெய் மூன்றும் ஒவ்வொரு பருக்கையிலும் ஏறியிருப்பது. அதனால் சோற்றை அகலத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, நன்றாக ஆறவிட்டு, புளிக்காய்ச்சலை வெள்ளைப் பருக்கை தெரியாமல் கலந்து, ஆளுக்கொன்றாகச் சின்னப் பொட்டலம் கட்டுங்கள். அதையும் அன்று மாலைக்கு மேல் வைக்காதீர்கள். தேங்காய் சாதம் சித்திரை வெயிலில் மதியம்கூடத் தாங்காது. பால் ஊற்றிப் பிசைந்த தயிர்சாதத்தைக் கூடிய சீக்கிரம் சாப்பிட்டுவிடுவது நல்லது. முட்டை, கறி கட்டிக்கொண்டு போகவே வேண்டாம்.

கட்டுவதற்கு வாட்டிய வாழை இலை அருமை. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறார்கள். தடை இல்லாவிட்டாலும் சூடான சோற்றைப் பாலித்தீனில் போடக் கூடாது. புளிசாதத்தை அலுமினியத் தாளில் சுற்றினால் புளி அதை அரிக்கும். இலை கிடைக்காவிட்டால் எவர்சில்வர் டப்பா.

அடுப்பும் தண்ணீரும் இருக்கும் என்று நம்புவது

வெள்ளத்துக்கென்று செய்த பொட்டலங்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் உப்புமா மிக்ஸும் சேமியாவும்தான். அவற்றுக்குக் கொதிநீர் வேண்டும். அன்றைக்கு சிலிண்டர் இருக்குமா, கீழ் வீட்டில் தண்ணீர் புகுந்திருந்தால் அடுப்பை எங்கே வைப்பது என்று யோசிப்பதில்லை. போர் மோட்டாருக்கும் மின்சாரம் வேண்டும். புளோரைடு பிரச்சினைக்காக நம் இரு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரும் பம்ப் ஓடினால்தான் வீட்டுக்கு வரும். ஆக, உணவுக்கு முன்னால் தண்ணீரை எடுத்து வைக்க வேண்டும். குடிக்கவும் ஊறவைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர், மூன்று நாளைக்கு 9 லிட்டர். ஊறுகாய், வத்தல், காரமான மிக்சர் என்று பொட்டலத்தை நிரப்பினால் தாகம் கூடி இந்தக் கணக்கும் போதாது. கூடவே இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். நீற்றாத சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் ஊற்றிச் சாப்பாட்டைச் சூடாக்கும் வித்தையைச் சிலர் வீடியோவில் காட்டுகிறார்கள். அது தெறித்தால் கண் போய்விடும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முயலவே கூடாது.

பச்சைத் தண்ணீரில் தயாராகும் உணவு நம்மிடமே இருக்கிறது. அவல்தான் முதலிடம். கெட்டி அவலை ஒன்றிரண்டாக உடைத்து வைத்துக்கொண்டால், கால் மணி நேரத்தில் ஊறிவிடும். அதோடு ஒரு கரண்டி புளிக்காய்ச்சல் கலந்தால் முழுச் சாப்பாடு. புளிக்காய்ச்சலைத் தண்ணீர் சுண்டி எண்ணெய் மேலே பிரியும்வரை காய்ச்சி, சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். ஒரு வேளைக்கு ஒரு பாட்டில் என்றால் திறந்ததை மீதி வைக்க வேண்டியதில்லை. அதில் முழுப் பூண்டுப் பல் போட வேண்டாம், உள்ளே புளிப்பு இறங்காமல் போகலாம். பூண்டை வெறும் எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைப்பது இன்னும் மோசம், அங்கேயும் அதே பாட்டுலினம் ஆபத்து உண்டு.

அடுத்து ராகி. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. வெறும் ராகி மாவையோ லேசாக வாசனை வரும்வரை புரட்டிய சத்துமாவையோ டப்பாவில் போட்டு, "தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம்" என்று எழுதி வைக்கிறார்கள். அது வேகாத மாவு. வயிற்றைக் கெடுக்கும், பச்சை மாவில் கிருமியும் இருக்கலாம். வேண்டியது ராகியைப் பொரித்து அரைத்த மாவு. தளி, ஓசூர் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில் ஹுரிஹிட்டு என்பார்கள். ராகியில் தண்ணீர் தெளித்துப் பிசறி, ஊறவிட்டு, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டால் வெள்ளையாகப் பொரியும். ஆறியதும் அரைத்துச் சலித்தால் மாவு தயார். வெல்லமும் நல்ல தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து அப்படியே சாப்பிடலாம். கல்யாண விருந்து ருசி இல்லை, ஆனால் பசிக்கு நின்று தாங்கும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அவல் 150 கிராம், பொரித்த ராகி மாவு 100, பொட்டுக்கடலை 100, கடலைமிட்டாய் 80, வெல்லம் 50 என்று வைத்தால் சுமார் 1800 கலோரி வரும். பெரியவர் ஒருவர் மூன்று நாள் தெம்பாக இருக்க, தினம் இந்த அளவு போதும்.

எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டுவது

வேர்க்கடலையும் எள்ளும் தேங்காயும் மாவோடு சேர்த்து அரைத்தால் சத்து கூடும் என்பது சரிதான், ஆனால் மாவின் ஆயுள் குறைந்துவிடும். எண்ணெய்ச் சத்துள்ள பொருள் முதலில் சிக்கடிக்கும், அந்த வாடை மொத்த மாவிலும் ஏறும். வெல்லம் மழைக்காலத்தில் கசிந்து மாவைக் கட்டியாக்கும், கட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும். ஆகவே தனித்தனிச் சின்னப் பைகள், எல்லாம் சேர்த்து ஒரு மூடி இறுகிய டப்பா. பூஞ்சை பிடித்த கடலையை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியை வறுத்துச் சேர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அஃப்ளாடாக்சின் என்ற அந்த நஞ்சு வறுத்தால் போகாது.

வறுத்ததைச் சூடாக அடைத்தால் உள்ளே வியர்த்து, அந்த ஒரு சொட்டு நீரே பூஞ்சைக்குப் போதும். முழுக்க ஆறவிடுங்கள். மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டிய பை பெரும்பாலும் எங்காவது ஒழுகும். ஒட்டிய பையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் மறுபடி ஒட்ட வேண்டும்.

யாருக்கென்று பார்க்காமல் கட்டுவது

பல் இல்லாத பாட்டிக்குக் கடலைமிட்டாயும் முறுக்கும் எதற்கு? அவருக்கு ராகி மாவும் மெல்லிய அவலும். சர்க்கரை நோயாளியின் பொட்டலத்தில் வெல்லத்தைக் குறைத்துப் பொட்டுக்கடலையைக் கூட்டுங்கள். மருந்து சாப்பிட்டு வேளைக்கு உணவு கிடைக்காமல் சர்க்கரை இறங்கிவிட்டால் கொடுக்கக் கொஞ்சம் சர்க்கரையும், மூன்று நாள் மாத்திரையும் அதே டப்பாவில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்குள்ளான குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான், ஆகவே தாயின் பங்கை அதிகமாக வையுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது. அதிலும் பாட்டுலினம் வித்து இருக்கலாம், குழந்தையின் குடலில் அது முளைத்துவிடும்.

வெளியூர் போகிறவர்களுக்கு இன்னொன்று. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை காட்டுப் பாதையில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை ஓரமாக வீசாதீர்கள். அது யானைகள் நடமாடும் பகுதி. உப்பும் இனிப்பும் ஒட்டிய உறையோடு சேர்த்து அவை விழுங்கிவிடும். கட்டிக்கொண்டு போன பையிலேயே மிச்சத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

அலமாரிப் பொட்டலத்தில் செய்த தேதியை எழுதுங்கள். ஆடியில் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியில் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். முதலில் கடலைமிட்டாயை முகர்ந்து பார்க்க வேண்டும், சிக்கு வாடை அங்கேதான் முன்னால் தெரியும். நன்றாக இருப்பதை அந்த வாரமே வீட்டில் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டு, புதிதாக வறுத்து அதே டப்பாவில் நிரப்பி வையுங்கள்.