இரண்டரை நூல் குறைத்து: பாம்புக்கு ஒரு மரப்பெட்டி

என்னிடம் இருப்பது பால் பைதான். பெயரைக் கேட்டுவிட்டு, தினமும் எவ்வளவு பால் ஊற்றுகிறீர்கள் என்று சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் கேட்காதவர் இல்லை. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்கப் பாம்பு அது, பாலைத் தொடாது. சாரை, மண்ணுளி போன்ற நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைக்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. இந்த வெளிநாட்டு இனத்தையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதை முடித்தவர்கள் ரம்பத்தை எடுக்கலாம்.

12 மி.மீ. தடிப்பில், 8-க்கு 4 அடி பிளைவுட் ஒன்று போதும். ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதையே வாங்குங்கள். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். மலிவுதான், ஆனால் ஈரம் பட்டால் பொரிபோல ஊதிவிடும். தேவதாரு வேண்டவே வேண்டாம். அதன் வாசனை எண்ணெய் பாம்புக்கு ஆகாது. பலகையை 4-க்கு 2 அடியாக நான்கு துண்டு போட்டால் தரை, கூரை, முதுகு மூன்றும் கிடைக்கும். நான்காவதைப் பாதியாக்கினால் இரு பக்கங்கள். கடையிலேயே அறுத்துத் தருவார்கள். பெட்டி கூட்டுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை: ஆணி வேண்டாம், திருகாணி போடுங்கள். முன்பக்கத்தில் கீழே 3 அங்குல ரீப்பர் கட்டை வைத்தால், உள்ளே பரப்பும் தேங்காய் நார்த்தூள் வெளியே சிந்தாது.

உள் மூலைகளுக்கு சிலிகான் பூசி, தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் மூன்று கை அடியுங்கள். வேலூர் வெயிலில் மறுநாளே காய்ந்ததுபோலத் தெரியும், நம்பாதீர்கள். இரண்டு வாரம் திறந்து போட்டு, தலையை உள்ளே விட்டு முகர்ந்து பாருங்கள்.

இனி கண்ணாடி. நான் பணத்தைத் தொலைத்த இடம் இதுதான்.

தள்ளு கண்ணாடி ஓடுவதற்கான பள்ளமுள்ள பட்டைகளான சேனல்களில் அடியிலுள்ளது ஆழம் குறைந்தது, மேலுள்ளது ஆழமானது. என்னுடையவை 6, 14 மி.மீ. கண்ணாடியை மேல் பள்ளத்துக்குள் முழுதாக ஏற்றி, பிறகு அடிப்பள்ளத்தில் இறக்க வேண்டும். நானோ அடிப்பள்ளத்தின் தரையிலிருந்து மேல் பள்ளத்தின் உச்சிவரை, பள்ளத்துக்குப் பள்ளம் அளந்து, அதே உயரத்துக்கு டஃபன்டு (சூடேற்றி வலுவாக்கிய) கண்ணாடி இரண்டு சொல்லிவிட்டேன். உள்ளே நுழையவே இல்லை. டஃபன்டு செய்த பிறகு அதை வெட்டவும் முடியாது. அந்த இரண்டும் இன்னும் பீரோவுக்குப் பின்னால் நிற்கின்றன.

சரியான கணக்கு: பள்ளத்துக்குப் பள்ளம் உள்ள உயரத்தில் 8 மி.மீ. குறைக்க வேண்டும். அப்போது ஏற்றி இறக்க 2 மி.மீ. இடம் இருக்கும், இறக்கிய பிறகும் மேலே 6 மி.மீ. பிடிப்பு நிற்கும். கண்ணாடிக் கடையில் மில்லிமீட்டர் எடுபடாவிட்டால் நூல் கணக்கில் சொல்லுங்கள். அங்குலத்துக்கு எட்டு நூல். ஆக, இரண்டரை நூல் குறைவு. கூரை நடுவில் சற்றுத் தொய்யும் என்பதால் இடம், நடு, வலம் மூன்றிலும் அளந்து, சிறிய அளவையே எடுங்கள். அந்த உயரத்துக்கு ஒரு பிளைவுட் சில்லை நறுக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள். ஒவ்வொரு கண்ணாடிக்கும் அகலம்: பெட்டி வாயின் பாதியோடு அரை அங்குலம். சேனல்களை மேல்கீழாக மாற்றிப் பொருத்தினால் கண்ணாடி மேலே பிடிபடாமல் முன்னால் சாயும்.

காற்றுத் துளைகள் குளிர்ந்த பக்கத்தில் கீழே, சூடான பக்கத்தில் மேலே. செராமிக் ஹீட்டருக்குக் கம்பிக் கூண்டு அவசியம். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். விலை மலிவான எஸ்.டி.சி. 1000 எனக்குப் போதுமானதாக இருக்கிறது. ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26. இதெல்லாம் மார்கழிக்கு. அக்னி நட்சத்திரத்தில் ஹீட்டரை அணைத்துவிட்டு, பெட்டியை மொட்டைமாடி அறையிலிருந்து கீழ்வீட்டுத் தரைக்கு இறக்கிவிடுகிறேன்.

பின்சேர்க்கை: இதன்படி செய்த குடியாத்தம் நண்பர் ஒருவரின் குட்டிப் பாம்பு, இரண்டு கண்ணாடிகளும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடுக்கு வழியே வெளியேறிவிட்டது. என்னுடையது வளர்ந்தது என்பதால் எனக்கு அது தோன்றவில்லை. குட்டியென்றால் அந்த இடுக்கில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டுங்கள், நகைக்கடை ஷோகேஸ் பூட்டும் போடுங்கள். அவருடையது மூன்றாம் நாள் அரிசி டிரம்முக்குப் பின்னால் பந்தாகக் கிடந்ததாம்.